இணையப் பெயரை விலை பேசுவதில் பேண வேண்டிய வரம்புகள்

கொடுக்கல் வாங்கல் பற்றிய பாடங்களை மதரஸாவில் ஓதும்போது ஒட்டகம், பேரீச்சம்பழம், கோதுமைக் குவியல் என்றே உதாரணங்கள் வரும். இன்றோ நம் வீட்டுப் பிள்ளைகள் கையால் தொட முடியாத ஒரு சரக்கை வாங்கி விற்கிறார்கள். டொமைன் என்று அவர்கள் சொல்லும் இணையப் பெயர்தான் அது. ஆயிரம் ரூபாய்க்குப் பதிவு செய்த பெயரை ஐம்பதாயிரத்துக்கு விற்றதாக மகன் சொன்னால், இது சூதாட்டத்தைச் சேர்ந்ததோ என்று தகப்பனார் அஞ்சுகிறார். இருவரும் சம்மதித்துச் செய்த வியாபாரம்தானே, இதில் என்ன தடை என்று மகன் கேட்கிறான். தகப்பனாரின் அச்சமும் மகனின் துணிச்சலும் இரண்டுமே பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி எது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

பெயர் என்பது என்ன?

கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று எண்களால் அடையாளம் காண்கின்றன. மனிதருக்கு எண்களை நினைவில் வைப்பது கடினம் என்பதால், எண்ணுக்குப் பதிலாகப் பெயரைச் சொல்லும் முறை 1983-இல் வகுக்கப்பட்டது. டாட் காம் என்று முடியும் முதல் பெயர் 1985 மார்ச் 15-இல் பதிவாயிற்று. 1998-இல் தோன்றிய ஐகான் என்ற அமைப்பு உலக அளவில் இம்முறையை மேற்பார்வை செய்கிறது. நம் நாட்டின் டாட் இன் பெயர்களை நிக்ஸி என்ற நிறுவனம் நிர்வகிக்கிறது. ஒரு பெயர் உலகில் ஒருவருக்கே உரியது. முந்திப் பதிந்தவருக்கே அது கிடைக்கும்.

இதில் முதலில் விளங்க வேண்டியது, பெயரைப் பதிந்தவர் அதைச் சாசுவதமாக விலைக்கு வாங்கிவிடவில்லை என்பதாகும். ஓராண்டு முதல் பத்தாண்டு வரை கட்டணம் செலுத்தி, அதைத் தமக்கென வைத்துக்கொள்ளும் உரிமையைப் பெற்றிருக்கிறார். கெடு முடிந்தும் கட்டணம் செலுத்தாவிட்டால், சில வார அவகாசத்துக்குப் பின் பெயர் கைநழுவிப் போகும். அரசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பாத்தி கட்டி உப்பு விளைவிப்பவரின் நிலையை இதற்கு ஒப்பிடலாம். நிலம் அவருடையதன்று. குத்தகை நீடிக்கும் வரை அதில் அவருக்கு உரிமை உண்டு.

உப்பைப் பற்றிய ஒரு மஸ்அலா

உப்பைச் சொன்னதும் ஒரு ஹதீஸ் நினைவுக்கு வருகிறது. அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) அவர்கள் யமன் நாட்டு மஃரிப் பகுதியில் உள்ள உப்பைத் தமக்கு மானியமாக வழங்குமாறு நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்களும் வழங்கினார்கள். அந்த உப்பு வற்றாத ஊற்று நீரைப் போன்றது, எவரும் சிரமமின்றி அள்ளிக்கொள்ளக் கூடியது என்று அங்கிருந்த ஒருவர் விளக்கியதும், அந்த மானியத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அபூதாவூத், திர்மிதி போன்ற கிதாபுகளில் இச்செய்தி வருகிறது.

இதை ஆதாரமாக வைத்து ஷாபியீ மத்ஹபின் இமாம்கள் ஒரு பாகுபாடு செய்தார்கள். தானாக வெளிப்பட்டுக் கிடக்கும் உப்பு எல்லோருக்கும் பொது. எவரும் அதை வளைத்துக்கொள்ள முடியாது. ஆனால் கடற்கரையோரத்தில் பள்ளம் தோண்டி, வாய்க்கால் வெட்டி, நீரைப் பாய்ச்சினால்தான் உப்பு விளையும் என்ற இடம் அப்படியல்ல. தரிசாகக் கிடக்கும் அத்தகைய இடத்தில் உழைத்துப் பண்படுத்தியவருக்கு அது உரிமையாகும். மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்த எவருக்கும் இந்த வேற்றுமை எளிதில் விளங்கும். கடல் நீர் எவருக்கும் சொந்தமன்று. பாத்தியில் விளைந்த உப்பு பாடுபட்டவருக்குச் சொந்தம்.

இன்னொரு சட்டமும் உண்டு. தரிசு நிலத்தில் நாலு கல்லை நட்டு எல்லை காட்டிவிட்டு, வேறெதுவும் செய்யாமல் இருப்பவருக்கு அந்த இடத்தில் முன்னுரிமை மட்டும் உண்டு. முழு உடைமை வராது. அவர் அதை விற்பதும் கூடாது என்பதே ஷாபியீ மத்ஹபில் வலுவான கருத்து. இவ்வாறு கல் நட்டுச் சும்மா வைத்திருப்பவருக்கு மூன்றாண்டுக்கு மேல் உரிமையில்லை என்று உமர் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். ஹனபி மத்ஹபும் மூன்றாண்டுத் தவணையை ஏற்கிறது.

அப்படியானால் இணையப் பெயரைப் பதிந்து சும்மா வைத்திருந்து விற்பது கூடாதா? இங்கேதான் நிதானம் தேவை. கல் நட்டவர் எந்தக் கட்டணமும் செலுத்தவில்லை, எவரோடும் ஒப்பந்தம் செய்யவில்லை. பெயரைப் பதிந்தவரோ ஆண்டுதோறும் பணம் செலுத்தி, பிறருக்கு மாற்றிக் கொடுக்கும் உரிமையையும் சேர்த்தே ஒப்பந்தத்தில் பெற்றிருக்கிறார். பொருளை விற்க முடியாத சில இடங்களில்கூட, தமக்குள்ள முன்னுரிமையை விட்டுக்கொடுப்பதற்காகப் பணம் பெறலாம் என்று ஷாபியீ இமாம்கள் அனுமதித்திருக்கிறார்கள். மேலும், ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது இயற்றிய 43-வது தீர்மானத்தில், வியாபாரப் பெயர், வியாபாரச் சின்னம், நூலுரிமை போன்றவை இக்கால வழக்கில் பண மதிப்புள்ள உரிமைகள் என்றும், மோசடியும் தெளிவின்மையும் இல்லாவிடில் அவற்றை விலைக்கு மாற்றலாம் என்றும் கூறியது. அந்தத் தீர்மானம் இணையப் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆயினும் அதே காரணம் இதற்கும் பொருந்துவதால், இணையப் பெயரை விற்பது அடிப்படையில் ஆகுமானதே என்று விளங்குகிறோம்.

மூன்று பெயர்கள்

மரக்காணத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கீழ்புத்துப்பட்டில் ஒரு வாலிபர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மூன்று பெயர்களைப் பதிந்து வைத்திருக்கிறார். முதலாவது, மரக்காணம் என்ற ஊர்ப் பெயரையும் உப்பு என்ற சொல்லையும் சேர்த்தது. இரண்டாவது, நாடறிந்த ஒரு கம்பெனியின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றியது. மூன்றாவது, ஜமாஅத்தார் கொடுத்த பணத்தில் பள்ளிவாசலுக்காகப் பதிந்து, தம் பெயரிலும் தம் போன் நம்பரிலும் வைத்திருப்பது. முதல் பெயருக்கு ஓர் உப்பு வியாபாரி 15,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். இரண்டாவதற்குச் சில லட்சங்கள் கிடைக்கும் என்று ஒரு தரகர் ஆசை காட்டுகிறார். மூன்றாவதற்கும் எவரோ விலை கேட்கிறார்.

முதல் பெயர் ஊரும் பொருளும் சேர்ந்த பொதுச் சொல். ஒருவருடைய புகழையும் அது திருடவில்லை. அதைத் தாராளமாக விற்கலாம்.

இரண்டாவது பெயருக்கு வந்த மதிப்பு எங்கிருந்து வந்தது? அந்தக் கம்பெனி ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சம்பாதித்த நற்பெயரிலிருந்து வந்தது. எழுத்துப் பிழையோடு தேடி வரும் வாடிக்கையாளரை மடக்குவதுதான் அதன் ஒரே பயன். பிறர் பாத்தியில் விளைந்த உப்பை இரவில் வாரிக்கொண்டு வந்து, அந்தப் பாத்திக்காரரிடமே விலை பேசுவதற்கு இது ஒப்பாகும். நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனம் 1999-இல் ‘சிஃபி’ என்ற பெயரை உருவாக்கி அதில் பல இணையப் பெயர்களைப் பதிந்தது. 2001-இல் வேறொரு நிறுவனம் ஓர் எழுத்தைக் கூட்டி, ஒலியில் அதைப் போலவே உள்ள பெயர்களைப் பதிந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2004 மே 6-இல் வந்த தீர்ப்பில், இணையப் பெயர் வெறும் முகவரி மட்டுமன்று, ஒரு வியாபாரத்தின் அடையாளமும் ஆகும் என்றும், வியாபாரச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு இதற்கும் உண்டு என்றும் நீதிமன்றம் கூறி, முந்தியவருக்கே சாதகமாகத் தடை உத்தரவை நிலைநிறுத்தியது. ஐகான் 1999-இல் வகுத்த விதிகளிலும், டாட் இன் பெயர்களுக்கான நம் நாட்டு விதிகளிலும், உரிமையாளரிடமே கூடுதல் விலைக்கு விற்கும் நோக்கத்தோடு அவர் பெயரைப் பதிவது கெட்ட எண்ணத்துக்கு அடையாளமாகச் சொல்லப்பட்டுள்ளது.

2023-இல் டெல்லி வாலிபர் ஒருவர், இரண்டு பெரிய நிறுவனங்கள் இணையப்போவதை முன்கூட்டியே ஊகித்து, ஜியோ, ஹாட்ஸ்டார் என்ற இரு பெயர்களையும் சேர்த்துப் பதிந்தார். 2024-இல் தம் மேற்படிப்புச் செலவை அந்நிறுவனம் ஏற்றால் பெயரைத் தருவதாக அறிவித்தார். நிறுவனம் இணங்கவில்லை. பின்னர் அந்தப் பெயர் துபாயில் வசிக்கும் சிறு பிள்ளைகள் இருவரின் கைக்கு மாறியது. அவர்கள் அதை விலையின்றியே நிறுவனத்துக்குக் கொடுக்க முன்வந்தார்கள். படிப்பு நல்ல காரியம்தான். ஆனால் நல்ல காரியத்துக்குத் தேவை என்பது, பிறர் பெயருக்கு விலை கேட்கும் உரிமையைத் தந்துவிடாது. நம் வாலிபரும் அந்த இரண்டாவது பெயரைப் புதுப்பிக்காமல் விட்டுவிட வேண்டும், அல்லது உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

மூன்றாவது பெயர் அமானிதம். யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதைவிட யாருடைய பணம், யாருக்காக என்பதே முக்கியம். அது ஜமாஅத்துக்குச் சொந்தம். வாலிபர் அதை விற்பது ஒருபுறம் இருக்கட்டும், பொறுப்பை விட்டு விலகும்போது திறவுச்சொல்லோடு ஒப்படைக்காமல் போவதும் மோசடியாகும். ஜமாஅத்தார்களும் கவனிக்க வேண்டும். பள்ளிவாசல், மதரஸா, சங்கம் ஆகியவற்றின் பெயர்களை நிர்வாகத்தின் பெயரிலேயே பதிந்து, புதுப்பிக்கும் தேதியை மினிட் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இயன்றால் சில ஆண்டுகளுக்குச் சேர்த்தே கட்டணம் செலுத்திவிடுங்கள்.

இவை தவிர, மதுவுக்கும் சூதுக்கும் மட்டுமே பயன்படக்கூடிய பெயர்களைப் பதிவதும் விற்பதும் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விலையை எப்படிக் கணிப்பது?

விற்கத்தக்க பெயர் என்று உறுதியான பின்புதான் விலையைப் பற்றிய பேச்சு. லாபத்துக்கு இவ்வளவுதான் என்று மார்க்கம் பொது வரம்பு கட்டவில்லை. உர்வா (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனார் கொடுத்து ஓர் ஆடு வாங்கி வரச் சொன்னார்கள். அவர் இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டுவந்து சேர்த்தார். நூற்றுக்கு நூறு லாபம். நபி (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை. அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாக துஆ செய்தார்கள். மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோது விலையைக் கட்டுப்படுத்துமாறு மக்கள் கேட்டும், எவருக்கும் அநியாயம் செய்தவராக அல்லாஹ்வைச் சந்திக்க விரும்பவில்லை என்ற கருத்தைக் கூறி மறுத்துவிட்டார்கள். 2019-இல் ‘வாய்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்லோடு டாட் காம் சேர்ந்த பெயர் 3 கோடி டாலருக்கு விலைபோயிற்று. தொகை பெரிது என்பதால் மட்டும் அது ஹராமாகாது.

ஆனால் அத்தகைய விற்பனை லட்சத்தில் ஒன்று. பெரும்பாலான பெயர்களை எவரும் விலை கேட்பதே இல்லை. ஆகவே ஒரு பெயரின் மதிப்பை எடைபோட இவற்றைப் பாருங்கள். பெயர் குறுகியதா, ஒருமுறை காதில் கேட்டால் பிழையின்றி எழுத வருமா? டாட் காம், டாட் இன் போல மக்களுக்குப் பழகிய முடிவு உள்ளதா? அந்தச் சொல்லை வைத்துப் பிழைக்கும் வியாபாரிகள் எத்தனை பேர், அவர்களுக்கு அதனால் எவ்வளவு ஆதாயம்? அதைப் போன்ற பெயர்கள் உண்மையில் என்ன விலைக்கு விற்றிருக்கின்றன? விற்பவர் கேட்கும் விலையை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். கை மாறிய விலைதான் கணக்கு. தானாக மதிப்புப் போட்டுத் தரும் கருவிகளின் தொகையும் ஓர் ஊகமே.

பேச்சைத் தொடங்குமுன் மூன்று தொகைகளைத் தனியே எழுதி வையுங்கள். கேட்கும் விலை, எதிர்பார்க்கும் விலை, இதற்குக் கீழே தர முடியாது என்ற விலை. நம் வாலிபர் முதல் பெயரை நாலு ஆண்டு வைத்திருந்து, ஆண்டுக்குச் சுமார் 1,000 வீதம் 4,000 ரூபாய் செலவிட்டிருக்கிறார். கேட்பது 60,000, எதிர்பார்ப்பது 35,000, கடைசி விலை 20,000 என்று அவர் தீர்மானிக்கலாம். 15,000 என்றவரிடம் கோபிக்க வேண்டியதில்லை. மரியாதையாக மறுத்து, பெயரின் பயனை எடுத்துச் சொல்லிக் காத்திருக்கலாம். பத்து ஆண்டுகள் காத்திருந்தால் பத்துக் கட்டணம் ஏறும் என்பதையும் மறக்கலாகாது.

பேரத்தில் நாவைக் காப்பது

பேரம் பேசுவது இழிவன்று. பிரயாணத்தில் ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகத்தை நபி (ஸல்) அவர்களே விலை பேசினார்கள். ஜாபிர் (ரலி) முதலில் தயங்கிப் பின் ஒப்புக்கொண்டு, மதீனா சேரும்வரை அதில் ஏறிச் செல்வேன் என்று நிபந்தனையும் வைத்தார்கள். ஊர் சேர்ந்ததும் விலையைக் கொடுத்து, ஒட்டகத்தையும் அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள் நபி (ஸல்) அவர்கள்.

கேட்கும் விலைக்கு எல்லையில்லை என்றாலும், பேசும் நாவுக்கு எல்லை உண்டு. என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்டால், அதைச் சொல்ல விருப்பமில்லை என்று கூறலாம். 4,000 செலவழித்துவிட்டு 40,000 ஆயிற்று என்று சொல்லக்கூடாது. அடக்க விலைக்கு மேல் இவ்வளவு லாபம் என்று பேசி விற்றால், அடக்கத்தை உண்மையாகச் சொல்லியே தீரவேண்டும். கடைசி விலையை மறைப்பது பேரம். வேறொருவர் 50,000 தருகிறார் என்று இல்லாத ஆளை உண்டாக்குவது பொய். வாங்கும் எண்ணமின்றி, பிறரை ஏமாற்ற விலையை ஏற்றிக் கேட்பதற்கு நஜ்ஷ் என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். இணைய ஏலத்தில் தம் நண்பரை விட்டோ, இன்னொரு கணக்கின் மூலமோ ஏலத்தை ஏற்றுவது இதே குற்றம். ஏலம் விடுவது ஆகும். இருவர் விலை பேசி இணங்கிய பின், மூன்றாமவர் இடையில் புகுந்து அதிகம் தருகிறேன் என்பது கூடாது.

குறையையும் மறைக்கக்கூடாது. உணவுக் குவியலுக்குள் கை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டுக் கண்டித்தார்கள். மழையில் நனைந்த உப்பை அடியில் போட்டு மூட்டை கட்டுவதும் இதுவே. இணையப் பெயரின் ஈரம் எது? முன்பு அதை வைத்து மோசடி அஞ்சல்கள் அனுப்பப்பட்டு, அது தடைப் பட்டியலில் இருக்கலாம். அதன் பேரில் வழக்கு நிலுவையில் இருக்கலாம். கெடு முடிய ஒரு மாதமே மிச்சம் இருக்கலாம். இவற்றை விற்பவர் சொல்லிவிட வேண்டும்.

வாங்குபவருக்கும் கடமை உண்டு. சந்தை நிலவரம் தெரியாத கிராமத்துச் சரக்குக்காரரை ஊருக்கு வெளியே எதிர்கொண்டு, மலிவாக வாங்குவதை மார்க்கம் தடுத்துள்ளது. தாம் வைத்திருக்கும் பெயரின் மதிப்பை அறியாத ஒருவரிடம், இது ஒன்றுக்கும் உதவாது என்று பொய் சொல்லிப் பறிப்பது அதைச் சேர்ந்தது. உங்களை நம்பி, நியாய விலையை நீங்களே சொல்லுங்கள் என்று ஒருவர் விட்டுவிட்டால், அங்கே பேரத்தின் சுதந்திரம் முடிந்து அமானிதம் தொடங்குகிறது.

தரகர் இருந்தால் அவருடைய கூலி எவ்வளவு, யார் கொடுப்பது என்பது முதலிலேயே தெளிவாக வேண்டும். 35,000-க்கு விற்று, விற்றவரிடம் 25,000 என்று காட்டி, மிச்சத்தை மறைப்பது களவாகும்.

கை மாற்றுவது

இணையப் பெயர் வியாபாரத்தில் சண்டை பெரும்பாலும் விலையில் வருவதில்லை. யார் முந்திக் கொடுப்பது என்பதில்தான் வருகிறது. இதற்கு நம்பகமான மூன்றாமவரிடம் பணத்தை ஒப்படைக்கும் எஸ்க்ரோ முறை நல்லது. வாங்குபவர் பணத்தை அவரிடம் கட்டுவார். விற்பவர் பூட்டை நீக்கி, மாற்றுவதற்கான ரகசிய எண்ணைக் கொடுப்பார். பெயர் புதியவரின் கணக்குக்கு வந்தபின் பணம் விற்றவரைச் சேரும். புதிதாகப் பதிந்த பெயரையோ, அண்மையில் மாற்றிய பெயரையோ 60 நாள் வரை வேறு பதிவாளரிடம் மாற்ற முடியாமல் இருக்கக்கூடும். அதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். தம் கையில் இன்னும் வராத பெயரை, வாங்கித் தந்துவிடுவேன் என்று முன்கூட்டியே விற்றுப் பணம் பெறாதீர்கள். கையில் இல்லாததை விற்க வேண்டாம் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நினைவில் கொள்ளுங்கள்.

தவணை முறையில் விற்றால் மொத்த விலையை முதலிலேயே முடிவு செய்யலாம். தவணை தப்பினால் கூடுதல் என்று போடுவது வட்டி. வியாபாரம் முறிந்தால் அட்வான்ஸ் தொகையை விற்பவர் விழுங்கிக்கொள்வதையும் ஷாபியீ, ஹனபி இமாம்கள் அனுமதிக்கவில்லை. இன்னுமொன்று. பழைய உரிமையாளருக்கு வரவேண்டிய அஞ்சல்கள், பெயரை வாங்கியவருக்கு வந்து சேரக்கூடும். அவற்றைப் பிரித்து ஆதாயம் தேடுவது பிறர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதாகும்.

ஜகாத்

விற்பதற்காகவே வாங்கி வைத்த பெயர்கள் வியாபாரச் சரக்கு. ஆண்டு நிறைவில் அன்றைய நியாய விலையை மதித்து, மற்றப் பணத்தோடும் சரக்கோடும் சேர்த்து, நிஸாபு நிறைந்தால் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் கடமை. மேலே சொன்ன முதல் பெயர் அன்று 30,000 பெறுமானால், அதற்கு 750 ரூபாய். கனவில் உள்ள விலையும் வேண்டாம், செலவான பதிவுக் கட்டணமும் வேண்டாம். அன்று விற்றால் என்ன கிடைக்குமோ அதுவே கணக்கு. சொந்தக் கடைக்காக வைத்திருக்கும் பெயருக்கு ஜகாத் இல்லை.

பெற்றோர்களே! பிள்ளை இந்த வியாபாரத்தில் இறங்கினால் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவன் பதிந்து வைத்திருக்கும் பெயர்களின் பட்டியலை ஒருநாள் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, இதன் மதிப்பு யாருடைய உழைப்பிலிருந்து வருகிறது என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். பிறர் உழைப்பிலிருந்து வருபவற்றை அடித்துவிடச் சொல்லுங்கள். எஞ்சியவற்றை அவன் எந்த விலைக்கு வேண்டுமானாலும், உண்மை பேசி விற்கட்டும். ஹலாலான ரிஸ்கிலே பரக்கத்தை வல்ல அல்லாஹ் நம் வீடுகளுக்கு நிறைவாகத் தந்தருள்வானாக. ஆமீன்.